புதுப் பிள்ளைக்கு லைனில் துணிவு வரவைப்பது எப்படி

கிளிநொச்சிப் பக்கம் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் தையல் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். மாங்குளம், முல்லைத்தீவுப் பக்கமிருந்து விடிய பஸ் ஏறி வரும் பிள்ளைகள்தான் கூட. முதல் கிழமை எல்லாருக்கும் ஒரே பேச்சு: "அக்கா, எனக்கு ஏலாது." புத்திமதி சொல்லி இதை மாற்ற முடியாது.

அமெரிக்கப் பேராசிரியர் பிரெட் லூதன்ஸ் உளவியல் மூலதனம் என்று நாலைச் சேர்த்துச் சொன்னார்: நம்பிக்கை, என்னால் முடியும் என்ற துணிவு, விழுந்தாலும் எழும்பும் பலம், நல்லது நடக்கும் என்ற எண்ணம். இவற்றைப் பழக்கி வளர்க்கலாம் என்பது அவர் கருத்து.

துணிவில் தொடங்குங்கள். புதியவளை நேரே கொலர் தைக்க இருத்தாதீர்கள். முதலில் வெட்டுத்துண்டில் கோடு போட்டு நேர்த்தையல், பிறகு பொக்கெற் வாய் மடிப்பு, அப்புறம் பொக்கெற் பொருத்துவது. சரியாக வந்ததா என்று அவளே அளந்து பார்க்கட்டும். பக்கத்தில் லைனின் கெட்டிக்காரி வேண்டாம், போன வருசம் சேர்ந்த ஒருத்தி போதும். தன்னைப் போன்றவள் செய்வதைப் பார்த்தால் துணிவு வரும் என்று உளவியலாளர் அல்பேட் பண்டூராவும் சொல்லியிருக்கிறார். "நல்லாச் செய்யிறாய்" என்று மட்டும் சொல்லி விடாதீர்கள். "மூலையில ஊசியைத் துணிக்குள்ள நிப்பாட்டித் திருப்பினாய், அதுதான் மூலை கூரா வந்திருக்கு" என்று சொல்லுங்கள். அடுத்த பொக்கெற்றில் அதே இடத்தில் அவள் தானாகவே நிறுத்துவாள்.

உறுதியோடு வழியும் தெரிந்தால்தான் நம்பிக்கை நிற்கும். காலையில் டார்கெட் சொல்லும்போதே, "வெட்டின துணிப் பண்டல் பிந்தினா என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். இரண்டு வழியாவது அவள் வாயால் வரட்டும்.

நல்லது நடக்கும் என்ற எண்ணம் வளர, தையல் பிழைத்தால் பிரிக்க முன் காரணத்தைத் தேடச் சொல்லுங்கள். ஊசி மழுங்கியதா, நூல் இறுக்கமா? "என்ர கை சரியில்லை" என்ற பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

எழும்பும் பலத்தைப் பற்றிக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். "2009ஐயே தாண்டின சனம், இதைத் தாங்காதா" என்று சொல்லி ஓவர்டைம் ஏற்றுவது அநியாயம். அந்தப் பலம் நம் டார்கெட்டுக்காக வந்ததல்ல. முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18இல் லீவு கேட்டால் காரணம் கேட்காமல் கொடுங்கள். அன்று யார் எந்த மெசினில் என்பதை ஏப்ரலிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.