தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம், கம்போடியா: குறைந்த செலவில் முதுகுப்பைப் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விமான டிக்கெட்டைக் கடைசியில் வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று டிக்கெட்டை வாங்கிவிட்டு, அதற்கேற்ப மற்றதையெல்லாம் வளைப்பவர்கள்தான் அதிகம் செலவழிக்கிறார்கள். மழை, வழி, விசா, பணம், அதன் பிறகே டிக்கெட். நான்கு நாடுகளையும் சுற்றிவிட்டு வந்தபின் எனக்குப் பிடிபட்ட வரிசை இது.

முதல் படி: மழை

தென்கிழக்கு ஆசியா முழுவதற்கும் ஒரே மழைக்காலம் என்று நினைத்துவிடாதீர்கள். தாய்லாந்தின் பெரும்பகுதியிலும் லாவோஸிலும் கம்போடியாவிலும் மே முதல் அக்டோபர் வரை மழை. அது ஓய்கிற நேரத்தில் மத்திய வியட்நாமில் வலுக்கிறது. ஹுயே, ஹோய் ஆன் பக்கம் அக்டோபரிலும் நவம்பரிலும் ஆற்று வெள்ளம் வீதிக்கே வந்துவிடும். பிப்ரவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை வடக்குத் தாய்லாந்திலும் லாவோஸிலும் வயல்களையும் காடுகளையும் எரிக்கும் புகை சூழ்ந்திருக்கும். சியாங் மாயில் நின்றால் எதிரே உள்ள மலை கண்ணுக்குத் தெரியாது.

இவை எல்லாவற்றையும் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. டிசம்பர் தொடக்கத்தில் வடக்கில் ஆரம்பித்து, மெல்லத் தெற்கே இறங்கி, பிப்ரவரியில் கம்போடியாவில் முடியுங்கள். ஜனவரியில் ஹனோய் குளிரும், ஒரு கம்பளிச் சட்டை போதும். வியட்நாமியப் புத்தாண்டான தெத் மட்டும் எந்த நாளில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையில் ஆண்டுதோறும் அது நகரும். அந்த வாரத்தில் ரயிலில் இடம் கிடைப்பது அரிது, கட்டணமும் ஏறிவிடும்.

இரண்டாம் படி: வழி

என் வழி இது: பாங்காக், சியாங் மாய், சியாங் கோங், எல்லை தாண்டி லாவோஸின் ஹுவாய் சாய், அங்கிருந்து மீகாங் ஆற்றில் படகில் லுவாங் பிரபாங், பிறகு ஹனோய், ரயிலில் ஹோ சி மின் நகரம், மோக் பாய் எல்லை வழியாகப் புனோம் பென், கடைசியாக சியாம் ரீப்.

படகுப் பயணம் இரண்டு நாள், நடுவே பாக்பெங்கில் ஓர் இரவு. படகு காலையில் புறப்படுகிறது. எல்லைப் பாலமோ ஊரிலிருந்தும் படகுத் துறையிலிருந்தும் கிலோமீட்டர்கள் தள்ளி இருக்கிறது. அதனால் முந்தின நாளே எல்லை தாண்டி ஹுவாய் சாயில் தங்கிவிடுங்கள். லுவாங் பிரபாங்கிலும் படகு ஊருக்கு வெளியேதான் இறக்கிவிடும், வண்டிக்கென்று கையில் கொஞ்சம் லாவோஸ் பணமான கிப் இருக்கட்டும்.

லாவோஸிலிருந்து ஹனோய்க்கு மலைப்பாதையில் ஒரு முழு நாள் பஸ்ஸில் போகலாம். நான் வேண்டாம் என்பேன். லுவாங் பிரபாங்கிலிருந்து விமானத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். வழியில் தாராளமாகச் செலவழிக்க வேண்டிய ஒரே இடம் இது. ஹனோயிலிருந்து தெற்கே போகும் ரயில் பாதை 1,726 கிலோமீட்டர். அதைத் துண்டு துண்டாக, முடிந்தவரை இரவு ரயில்களில் கடந்தால் அறை வாடகை மிச்சம். படுக்கை பஸ்ஸைவிட ரயில் படுக்கைதான் எனக்குப் பிடிக்கும், காலை நீட்டலாம்.

மூன்றாம் படி: விசாவும் உங்கள் பெயரும்

பாஸ்போர்ட் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும், வெற்றுப் பக்கங்கள் இருக்க வேண்டும். இவை உங்களுக்கே தெரியும். நான் மாட்டிக்கொண்டது வேறோர் இடத்தில்.

நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற வரி காலியாக இருக்கும். வியட்நாம் இ-விசா படிவத்தில் அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் அப்பாவின் பெயரை எழுதிவிட்டேன், இனிஷியலை விரித்து எழுதுவது நமக்குப் பழக்கம்தானே. விசா வந்துவிட்டது. லுவாங் பிரபாங் விமான நிலைய கவுண்டரில் இருந்த பெண் விசாத் தாளையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலை எழுத்தெழுத்தாக நகர்த்திப் பார்த்தார். இரண்டும் ஒரே பெயர் இல்லை என்றார். விமானம் போய்விட்டது. விசாக் கட்டணம் திரும்ப வராது. மறுபடி 25 டாலர் கட்டி விண்ணப்பித்தேன். வேலை நாட்கள் மூன்று என்பது வார விடுமுறையோடு சேர்ந்து ஐந்து இரவுகள் ஆனது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். பாஸ்போர்ட்டில் படம் இருக்கும் பக்கத்தின் அடியில், கோணக் குறிகள் (<) நிறைந்த இரண்டு வரிகள் இருக்கும். முதல் வரியில் நாட்டின் மூன்றெழுத்துக் குறியீட்டை அடுத்து வருவது குடும்பப் பெயர். இரட்டைக் கோணக் குறிக்குப் பின் வருவது சொந்தப் பெயர். குடும்பப் பெயர் இல்லாதவர்களுக்குச் சொந்தப் பெயரே முதலிடத்துக்கு வந்துவிடும். அந்த வரியில் இல்லாத எதையும் படிவத்தில் சேர்க்காதீர்கள். பணம் கட்டும் முன் பாஸ்போர்ட்டைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, ஒவ்வோர் எழுத்தையும் வாய்விட்டுப் படியுங்கள். விமான டிக்கெட் படிவம் குடும்பப் பெயர் கேட்டு அடம் பிடித்தால், அந்த நிறுவனத்திடமே எழுதிக் கேட்டு, வந்த பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வியட்நாம் இ-விசா 2023 ஆகஸ்ட் முதல் 90 நாள் வரை கிடைக்கிறது. ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறைக்கு 50. தொடக்கத் தேதிக்கு முன் நுழைய முடியாது. எல்லா எல்லைச் சாவடிகளிலும் இ-விசா செல்லாது என்பதால், நுழையும் இடமும் வெளியேறும் இடமும் வழி முடிவான பிறகுதான் நிரப்பப்பட வேண்டும். வழியை விசாவுக்கு முன்னால் வைத்தது இதற்காகவே.

நான்காம் படி: பணம்

நிலையான செலவையும் நாள் செலவையும் தனித்தனியாக எழுதுங்கள். வியட்நாம் விசா 25, கம்போடியா விசா 30, சியாம் ரீப்பின் அங்கோர் கோயில்களுக்கு மூன்று நாள் அனுமதி 62, ஆக 117 டாலர். இதில் சிக்கனம் செய்ய வழியில்லை. லாவோஸ் விசாக் கட்டணம் உங்கள் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பதைப் பொறுத்து மாறும். மிச்சப்படுவது நாள் செலவில்தான். அதிலும் அறையைவிட அடிக்கடி ஊர் மாறுவதுதான் பணத்தைக் கரைக்கிறது. ஓர் ஊரில் நான்கு இரவாவது தங்குங்கள். கையில் முப்பது நாள்தான் இருக்கிறது என்றால் இரண்டு நாடுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தாய்லாந்தில் வெளிநாட்டு அட்டைக்கு ஏடிஎம்மில் ஒவ்வொரு முறையும் 220 பாட் அல்லது அதற்கு மேல் பிடிப்பார்கள். எனவே சில முறை மட்டும், பெரிய தொகையாக எடுங்கள். உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள், அந்த மாற்று விகிதம் நமக்கு நட்டம். வியட்நாமில் 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் இரண்டுமே நீலம். மங்கலான வெளிச்சத்தில் வேறுபாடு தெரியாது, ஐந்து லட்சத்தைத் தனி உறையில் வையுங்கள். கம்போடியாவில் டாலர் செல்லும், ஆனால் ஓரம் கிழிந்த நோட்டை யாரும் வாங்க மாட்டார்கள். லாவோஸின் கிப்பை வெளியே மாற்றுவது கடினம், அங்கேயே செலவழித்துவிடுங்கள்.

கணக்குக்குச் செயலி எதுவும் வேண்டாம். ஒரு விரிதாள் போதும், நாளுக்கு ஒரு வரி. வண்டிக்கு கிராப் செயலி நல்லது, லாவோஸில் லோகா.

பின்சேர்க்கை 1: 2025இல் இரு நாடுகளுக்கும் இடையே நடந்த எல்லை மோதலையொட்டி தாய்லாந்து–கம்போடியா தரைவழிச் சாவடிகள் மூடப்பட்டன. சியாம் ரீப்பிலிருந்து பஸ்ஸில் பாங்காக் திரும்பலாமா என்று கேட்டவர்களுக்கு: திறந்ததாக அரசு அறிவிக்கும் வரை அதைத் திட்டத்தில் சேர்க்காதீர்கள், விமானத்துக்குப் பணம் ஒதுக்குங்கள்.

பின்சேர்க்கை 2: தாய்லாந்துக்கு 2025 மே 1 முதல் இணையவழி வருகை அட்டை கட்டாயம். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். அது முற்றிலும் இலவசம். பணம் கேட்கிற தளம் எதுவானாலும் அது குடிவரவுத் துறையுடையது அல்ல, உடனே மூடிவிடுங்கள். பெயரை இங்கேயும் அந்த அடிவரியைப் பார்த்தே எழுதுங்கள்.