ஹைலேண்ட் மட்டக்குதிரைக் குட்டி: அவசரத்தால் நேரும் தவறுகள்

ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் மட்டக்குதிரை, வேட்டையில் வீழ்ந்த மானை மலைச்சரிவிலிருந்து சுமந்து இறக்கி வந்த இனம். 148 சென்டிமீட்டருக்கு மேற்படாத இதன் உடல் முழுமையாக நிரம்புவதற்கு 6, 7 ஆண்டுகள்கூட ஆகலாம். கண்காட்சிகளிலோ 1, 2, 3 வயதுக் குட்டிகளுக்கெனத் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. அவற்றில் பரிசு பெறுவதற்காக, குட்டியை வளர்ந்த குதிரைபோலக் காட்ட முயல்வதே பெரும்பாலான தவறுகளுக்குத் தொடக்கம்.

முதலாவதும் மிகக் கொடியதும் கொழுக்க வைப்பது. சத்துக் குறைந்த புல்லிலும் குளிரிலும் பிழைக்கப் பழகிய இந்த இனம், கோடையில் சேர்த்த கொழுப்பைக் குளிர்காலத்தில் இழப்பதே இயல்பு. அப்போது தானியத்தைக் கூட்டி, போர்வையும் போர்த்திவிட்டால், மெலிய வேண்டிய உடல் மெலியாமலேயே வசந்தகாலப் புல்லுக்குள் நுழைகிறது. லாமினைட்டிஸ் என்னும் குளம்பு அழற்சிக்கு இதைவிட நல்ல அழைப்பு கிடையாது. மாவுச்சத்து மிகுந்த தீவனத்தால் விரைந்து வளரும் குட்டிக்கு மூட்டுக் குருத்தெலும்புக் கோளாறுகளும் வரக்கூடும். நல்ல உலர்புல்லும், செம்பு, துத்தநாகம் போன்ற தாதுக்கள் சேர்ந்த சிறிதளவு துணைத்தீவனமும் பெரும்பாலான குட்டிகளுக்குப் போதும். கண்ணால் மட்டும் எடைபோடாமல், விலா எலும்புகளைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். கழுத்தின் மேல்விளிம்பு தடித்துக் கெட்டியாக இருப்பதைச் சிலர் ‘நல்ல கழுத்து’ என்று பெருமைப்படுகிறார்கள். பெரும்பாலும் அது கொழுப்புதான்.

இரண்டாவது, இடைக்காலத் தோற்றத்தை வைத்துத் தீர்ப்பளிப்பது. ஒரு வயதுக் குட்டியின் பின்புறம் முன்புறத்தைவிட உயர்ந்தும், மார்பு ஒடுங்கியும், தலை பெரிதாகவும் தெரியலாம். சில மாதங்களில் அது மாறிவிடும். பிறந்த நாள் எதுவாயினும் ஜனவரி 1 அன்று ஒரு வயது கூடியதாகக் கணக்கிடப்படுவதால், ஜூனில் பிறந்த குட்டி ஏப்ரலில் பிறந்ததோடு அதே பிரிவில் நிற்க நேர்கிறது. சிறியதாகத் தெரிகிறதே என்று அதற்குத் தீவனத்தைக் கூட்டுவது மேலே சொன்ன தவறுக்கே இட்டுச் செல்லும். அந்த ஆண்டு வீட்டிலேயே விட்டுவிடுவது நல்லது.

உடல் தடித்திருப்பதால் எலும்பும் முதிர்ந்துவிட்டது என்று எண்ணக் கூடாது. முன்னங்கால் முட்டிக்கு மேலுள்ள வளர்ச்சித் தட்டு (எலும்பு நீள்வதற்கு இடமான குருத்தெலும்புப் பகுதி) எலும்பாகி மூடவே ஏறத்தாழ 2 முதல் 2½ ஆண்டுகள் ஆகும். முதுகெலும்பில் உள்ளவை 5 வயதுக்குப் பிறகே மூடுகின்றன. நீண்ட கயிற்றில் கட்டிச் சிறு வட்டத்தில் திரும்பத் திரும்ப ஓட்டுவதும், 2 வயதில் சேணம் வைத்து ஏறுவதும் இன்னும் மூடாத இந்தப் பகுதிகளைத்தான் தாக்கும். சவாரிப் பிரிவுகளில் 4 வயதுக்குக் குறைந்தவற்றைச் சேர்க்காததற்குக் காரணம் உண்டு. 2½ வயது முதல் 4½ வயது வரை முன்பற்கள் விழுந்து முளைப்பதால், கடிவாளம் போடுமுன் வாயைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதும் அவசியம்.

அலங்காரத்தில் செய்யும் பிழை எளிதாகத் தவிர்க்கக் கூடியது. ஹைலேண்ட் இனம் இயற்கையான நிலையிலேயே காட்டப்படுகிறது; பிடரியைப் பின்னுவதும், கால்முடியைக் கத்தரிப்பதும் வழக்கமில்லை. போட்டிக்கு முந்தைய மாதமெல்லாம் குளிப்பாட்டுவதைவிட, கயிற்றைத் தொய்வாக விட்டு நேர்கோட்டில் நடக்கவும் துள்ளோட்டம் ஓடவும், கூட்டத்தின் இரைச்சலில் அமைதியாக நிற்கவும், அந்நியர் குளம்பைத் தூக்க விடவும் பழக்க வேண்டும். ஒரு நாளைக்கு 10 நிமிடம் போதும். எஞ்சிய நேரம் அது மற்றக் குட்டிகளோடு மேட்டுநிலத்தில் ஓடித் திரியட்டும்.