ரோசா பார்க்ஸின் காகிதங்களை வீட்டிலிருந்தே படிப்பது எப்படி

ரோசா பார்க்ஸ் என்றதும் 1955 டிசம்பர் 1, அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரப் பேருந்து, வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதான கறுப்பினப் பெண், இவ்வளவுதான் நினைவுக்கு வரும். அவருடைய காகிதங்களைப் படிக்க உட்காருகிறவர்கள் அந்த நாளிலிருந்து தொடங்க வேண்டாம் என்பேன்.

காகிதங்கள் வாஷிங்டனில், லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் இருக்கின்றன. சுமார் 7,500 தாள்கள், 2,500 படங்கள். 2016-இல் ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். கட்டணம் கிடையாது. நூலகத்தின் தளத்தில் அவர் பெயரை ஆங்கிலத்தில் கொடுத்துத் தேடினால் தொகுப்பு வந்துவிடும்.

முதலில் வருமான வரித் தாள்களைத் திறங்கள். நான் ஆல்டரேஷன் வேலை பார்ப்பவள். அவரும் மாண்ட்கோமரியில் ஒரு பெரிய துணிக்கடையில் அதே வேலைதான் பார்த்தார். கைதான அடுத்த மாதமே வேலை போனது. கணவர் ரேமண்ட் முடிதிருத்துபவர். அந்தக் கைதை எதிர்த்துக் கறுப்பினத்தவர் நகரப் பேருந்துகளில் ஏறாமல் நடத்திய புறக்கணிப்பைப் பற்றி வேலையிடத்தில் பேச்சே எடுக்கக் கூடாது என்றார்கள், அவரும் வெளியேறினார். 1959-இல் இருவருக்கும் சேர்த்து ஆண்டு வருமானம் 700 டாலரைக்கூடத் தொடவில்லை. 1955-இல் இருந்த நிலைக்குத் திரும்ப 1966 ஆகிவிட்டது. உலகமே கொண்டாடிய பெண்ணின் வீட்டில் அடுப்பெரிய என்ன பாடு பட்டிருப்பார்கள் என்பது மேடைப் பேச்சுகளில் கிடைக்காது, இந்தத் தாள்களில்தான் கிடைக்கும்.

அப்புறம் கடிதங்கள். தேதி இல்லாவிட்டால் எங்கிருந்து எழுதினார் என்று பாருங்கள். மாண்ட்கோமரி என்றால் பெரும்பாலும் 1957-க்கு முன். வர்ஜீனியாவின் ஹாம்ப்டன் என்றால் 1957, 58. குடும்பத்தை டெட்ராய்டில் விட்டுவிட்டு அங்கே ஒரு கல்லூரியின் விருந்தினர் விடுதியில் வேலை பார்த்த காலம். டெட்ராய்ட் என்றால் பெரும்பாலும் அதற்குப் பிறகு, 2005-இல் இறக்கும்வரை அதுதான் ஊர்.

கையெழுத்து சாய்வாக ஓடும். சிரமமாக இருந்தால் படத்தைப் பெரிதாக்குங்கள்; பல பக்கங்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தும் வைத்திருக்கிறார்கள். பின்பக்கத்தை மட்டும் தவற விடாதீர்கள். கிடைத்த தாளிலெல்லாம் எழுதியவர் அவர். ஒரு பழைய உறையின் பின்னால் பான்கேக் செய்முறை இருக்கிறது: மாவு, முட்டை, பாலோடு மூன்றில் ஒரு பங்கு கப் வேர்க்கடலை வெண்ணெய். பசையான அந்த வெண்ணெய் கட்டி கட்டாமல் எப்படிக் கலந்தார் என்று நான் வெகுநேரம் யோசித்தேன்.

புறக்கணிப்பு 381 நாள் நடந்தது. அப்போது பேருந்தில் ஏறாதவர்களுக்குக் கார் ஏற்பாடு செய்யும் வேலையும் பார்த்தார். ஓட்டுநர்களுக்கும் பயணிகளுக்கும் அவர் எழுதிய அறிவுரைத் தாளை அவசியம் தேடிப் படியுங்கள். காலையும் மாலையும் பேருந்துகள் நிற்காமல் போனபோது நாம் எவ்வளவு நேரம் காத்து நின்றோம் என்பதை நினைத்துப் பாருங்கள் என்று அதில் கேட்கிறார்.

இவ்வளவும் படித்த பிறகு கைதைப் பற்றி அவரே எழுதிய குறிப்புக்கு வாருங்கள். வாழ்நாள் முழுக்க என்னைத் தள்ளிக்கொண்டே இருந்தார்கள், அந்தக் கணத்தில் இனித் தாங்க முடியாது என்று பட்டது என்கிறார். கால் வலித்ததால் எழவில்லை என்ற பழைய கதையை இனி யாராவது சொன்னால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். அவர் 1943 முதலே கறுப்பினத்தவர் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யின் உள்ளூர்க் கிளைச் செயலாளர்.

குறிப்பு எடுக்கும்போது ஒவ்வொரு தாளுக்கும் பெட்டி எண், கோப்பின் பெயர், எத்தனையாவது படம் என்ற மூன்றையும் எழுதி வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்தால் மறுபடி அந்தத் தாளைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.