ஒரு பட்டறை தன் ஆட்களின் உடம்பைப் பார்த்துக்கொள்கிறதா என்று கண்டுபிடிப்பது எப்படி?

முதலாளியின் அறையில் காபி குடித்துக்கொண்டே கேட்காதீர்கள், அங்கே எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். சித்திரை மாதம், பிற்பகல் 3 மணிக்கு, வேலை நடக்கும் இடத்துக்கே போங்கள்.

ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையையே எடுத்துக்கொள்வோம். சூளை கிடையாது, அதனால் பெரிய ஆபத்தும் கிடையாது என்று பலருக்கும் நினைப்பு. கண்ணாடி மேல் அச்சை வைத்து, சாயம் கலந்த சிமெண்ட் குழம்பை ஊற்றி, உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, மேலே ஈரக் கலவை போட்டு அமுக்கி, அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் போடுகிறார்கள். கூடவே நடந்து, எது மூச்சில் போகிறது, எது தோலில் படுகிறது, எங்கே இடுப்பு பிடிக்கும் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் எழுதுங்கள். ஈரச் சிமெண்ட் தோலை அரிக்கும், அதிலிருக்கும் குரோமியம் சிலருக்கு விடாத ஒவ்வாமையாகிவிடும். மணல் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலைக் கெடுத்தால் சரிசெய்ய வழியில்லை, அதுவும் வெளியே தெரியப் பல வருடம் பிடிக்கும், ஆகவே "இதுவரை யாருக்கும் ஒண்ணும் ஆகலையே" என்ற பதிலைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

சரி, இதற்கெல்லாம் என்ன செய்திருக்கிறார்கள்? முகக்கவசம் கொடுத்தோம் என்பார்கள். அது கடைசியில் பார்க்க வேண்டியது, மூக்கில் கட்டும் துண்டு நுண்தூசியைத் தடுக்கவும் தடுக்காது. உலர் கலவை இல்லாமல் இந்தத் தொழிலே இல்லை, ஆனால் கலக்கும் இடத்தைத் தள்ளி வைக்கலாம், தண்ணீர் தெளித்த பிறகு கூட்டலாம், கண்ணாடி விளிம்பைத் தேய்த்து மழுக்கலாம். இதில் ஒன்றாவது நடந்திருந்தால் அக்கறை இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இருப்பதும் ஓடுவதும் வேறு. காரைக்குடிப் பக்கம் ஒரு பலகார அடுப்படியில் புகையை இழுக்கும் பெரிய மின்விசிறி இருந்தது, ஓடவில்லை. ஏன் என்று முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த அக்காவிடம் கேட்டேன். "போட்டா அடுப்பு அணையுது தம்பி, எண்ணெய் காய மாட்டேங்குது." வாங்கியவர் அடுப்பு பக்கம் வந்து நின்றதே இல்லை போல!

ஆட்களிடம் தனியாகப் பேசுங்கள், மேஸ்திரி பக்கத்தில் இருந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். "அண்ணே, கையைக் காட்டுங்க" என்றால் பாதி பதில் அங்கேயே கிடைக்கும். பெண்களிடம் தண்ணீர் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேளுங்கள், குறைவு என்றால் கழிவறையைப் போய்ப் பாருங்கள்.

காகிதங்களில் வருகைப் பதிவேடு முக்கியம்: ஒரே வேலை செய்பவர்கள் அடிக்கடி லீவு போடுகிறார்களா? 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பதிவு உண்டா, மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர் எல்லோரும் அதில் இருக்கிறார்களா? கண்டாங்கிச் சேலைக் கடை மாதிரி இடமென்றால் விற்பனைப் பெண்களுக்கு நாற்காலி இருக்கிறதா என்று பாருங்கள், தமிழ்நாட்டில் 2021 முதல் அது சட்டம்.

ஒரு மாதம் கழித்து அதே தாளோடு போங்கள், சொல்லிவிட்டுப் போகாதீர்கள்.