அட்டிக்கில் பஞ்சு ஊதும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டொராண்டோ பக்கம் பழைய வீடு வாங்குகிறவர்கள் முதல் குளிர்கால ஹீட்டிங் பில் வந்ததும் அட்டிக்கில், அதாவது கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவிலுள்ள இடத்தில், ஏறிவிடுகிறார்கள். அங்கே கிடக்கிற ஆறு அங்குலப் பஞ்சின் (சூட்டை வெளியே விடாத இன்சுலேஷன்) மேல் இன்னும் ஒரு அடி ஊதிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பு. சீலிங்கான ட்ரைவால் பலகை மேல் கால் வைக்கக் கூடாது, மாஸ்க் போட வேண்டும் என்பதெல்லாம் யாருக்கும் தெரியும். வீட்டைக் கெடுப்பவை வேறு தவறுகள்.

ஓட்டையை அடைக்காமல் பஞ்சு கொட்டுவது

காசைத் தின்கிற தவறு இதுதான். கூலி வாங்கிக்கொண்டு வருகிறவர்களிலும் பலர் இதையே செய்துவிட்டுப் போகிறார்கள். பார்க்கப் பார்க்க எரிச்சல் வருகிறது.

பஞ்சு சூட்டைப் பிடித்து நிறுத்தும், காற்றை நிறுத்தாது. வீட்டுச் சூட்டுக் காற்று மேலே ஏறி, சீலிங்கில் அகப்பட்ட ஓட்டை வழியெல்லாம் அட்டிக்குள் புகும். 21 டிகிரியில் 40 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று, 7 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதைத் தொட்டாலும் நீர் விடும். ஜனவரியில் கூரைப் பலகை மைனஸில் இருக்கும். ஈரம் அதில் உறைபனியாகவே ஒட்டும். கூரையை மூடுகிற ஷிங்கிளை அடித்த ஆணியின் முனை ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளை மணி நிற்கும். பஞ்சைக் கூட்டினால் அட்டிக் முன்பைவிடக் குளிரும், பனியும் கூடும். மார்ச்சில் நல்ல வெயில் அடித்ததும் அத்தனையும் உருகிச் சொட்டி, படுக்கையறை சீலிங்கில் மஞ்சள் கறை விழும். கூரை ஒழுகுகிறது என்று பல ஆயிரம் டாலர் கொடுத்து ஷிங்கிள் மாற்றுவார்கள். அடுத்த மார்ச்சில் அதே இடத்தில் அதே கறை.

பழைய பஞ்சைத் தூக்கிப் பாருங்கள். ஃபைபர்கிளாஸ் கறுத்திருக்கும் இடத்தில் பெரும்பாலும் காற்று கசிகிறது. அந்தக் கறுப்பு, பஞ்சு வடிகட்டிய தூசி. உள்சுவரின் மேல்கட்டையும் ட்ரைவாலும் சேரும் கோடு, ஒயர்த் துளைகள், விளக்குப் பெட்டிகள், பிளம்பிங் வென்ட் குழாயின் சுற்றுப்புறம் எல்லாவற்றையும் தேடி அடையுங்கள். சிறு இடுக்குக்கு ஸ்ப்ரே ஃபோம். கை நுழைகிற இடைவெளிக்கு 2 அங்குல ரிஜிட் ஃபோம் பலகையை அளவாக வெட்டி வைத்து, ஓரத்தில் ஸ்ப்ரே ஃபோம். சூடேறும் புகைக்குழாய் அருகே ஃபோமே கூடாது: தகரத் தகடு, தீ தாங்கும் சீலன்ட், பஞ்சு நெருங்காதபடி ஒரு தகர வளையம். ஒரு முழு நாள் போகும், போகட்டும்.

சோஃபிட்டை மூடிவிடுவது

சோஃபிட்டில் (நீட்டிய கூரை விளிம்பின் அடிப்பக்கம்) நுழையும் காற்று கூரைப் பலகையின் அடியால் ஓடி மேலே வெளியேற வேண்டும். ஊதிய பஞ்சு சரிந்து அந்த வழியை அடைத்துவிடும். ராஃப்டர்களுக்கு (கூரைச் சட்டங்களுக்கு) நடுவே, காற்று வழியைத் திறந்து வைக்கிற பேஃபிள் தகட்டை ஸ்டேப்பிள் அடித்த பிறகே பஞ்சு. சாதாரணச் சரிவுக் கூரைக்கு, சீலிங்கின் 300 சதுர அடிக்கு 1 சதுர அடி காற்றுத் திறப்பு என்பது கணக்கு. 1,200 சதுர அடி வீட்டுக்கு 4 சதுர அடி. வலையும் தகடும் மறைக்கிற இடம் போக.

வாஷ்ரூம் ஃபேனை அட்டிக்குள் ஊதவிடுவது

வேண்டாம். இன்சுலேட்டட் குழாய் போட்டு வெளியே விடுங்கள்.

பழைய பஞ்சின் மேல் பிளாஸ்டிக் விரிப்பது

ஈரத்தைத் தடுக்கிற 6 மில் பாலி (பிளாஸ்டிக் தாள்) இருக்க வேண்டிய இடம் சூடான பக்கம், ட்ரைவாலை ஒட்டி. நடுவில் விரித்தால் அதன் அடியில் ஈரம் கட்டும்.

கண்ணளவில் கொட்டுவது

ஒன்டாரியோவில் புது வீட்டு அட்டிக்குக்கு வழக்கமாகப் போடுவது ஆர்-60 (ஆர் என்பது சூடு கடப்பதை எவ்வளவு தடுக்கும் என்ற அளவு). செல்லுலோஸ் (காகிதப் பஞ்சு) என்றால் ஏறக்குறைய 17 அங்குலம். ஊதும் ஃபைபர்கிளாஸ் என்றால் 23 அங்குலம் வரை. செல்லுலோஸ் நாள்பட அமுங்கும். ஆகவே உயரத்தை மட்டும் நம்பாமல், பையில் அச்சிட்ட அட்டவணைப்படி எத்தனை மூட்டை இறங்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, காலிப் பைகளை எண்ணுங்கள். ஏறுகிற ஹேட்ச்சை எல்லோரும் மறக்கிறார்கள்: மூடியின் மேல் 4 அங்குல ரிஜிட் ஃபோம், விளிம்பில் வெதர்ஸ்ட்ரிப், இறுக்கிப் பிடிக்கக் கொக்கி.

வெர்மிகுலைட்டைக் கிளறுவது

வெர்மிகுலைட் என்பது பழைய வீடுகளில் கொட்டிய ஒரு தாது இன்சுலேஷன்; சாம்பலும் தங்கமுமாக மினுங்குகிற அதன் துணுக்குகள் கிடந்தால் தொடாமல் இறங்குங்கள். 1990க்கு முன் போட்டதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். லேப் முடிவு வரும்வரை ஹேட்ச்சை மூடியே வையுங்கள்.