பாக்டீரியா விஷயத்துல நாம சாதாரணமா பண்ற தப்புங்க

பாக்டீரியான்னாலே கிருமி, கிருமின்னாலே ஒழிச்சுக்கட்டணும்னு நினைக்கிறதுதான் முதல் தப்பு. ஒரு ஆளோட உடம்புல சுமாரா 30 லட்சம் கோடி மனுஷ செல் இருந்தா, பாக்டீரியா 38 லட்சம் கோடி இருக்கும்னு 2016ல வந்த ஒரு கணக்கு சொல்லுது (ஒரு மனுஷ செல்லுக்குப் பத்து பாக்டீரியான்னு இன்னமும் ஃபார்வர்டுல சுத்துதே, அது பழைய கணக்கு). இதுல பெரும்பகுதி குடியிருக்கிறது பெருங்குடல்ல, நம்மளால ஜீரணிக்க முடியாத நார்ச்சத்தை உடைக்கும், வைட்டமின் கே தயாரிக்கும், வெளியில இருந்து வர்ற ஆகாததுங்களுக்கு இடம் குடுக்காம அடைச்சுக்கிட்டு இருக்கும். அதனால எல்லாத்தையும் கொன்னுட்டா நல்லா இருப்போம்ங்கிறது நடக்காத கதை.

பயப்பட வேண்டாத எடத்துல பயப்படுற நாம, பயப்பட வேண்டிய எடத்துல ரொம்ப தைரியமா இருப்போம். மிச்சம் இருந்த சாப்பாட்டை மோந்து பாத்துட்டு "நல்லாத்தான் இருக்கு"னு சாப்பிடுறோம்ல, அது மாதிரி. சாப்பாட்டை ஊசிப்போக வைக்கிற பாக்டீரியா வேற, வயித்தை கலக்குற பாக்டீரியா பெரும்பாலும் வேற, ரெண்டாவது வகை வந்து உக்காந்தா வாசனையும் மாறாது ருசியும் மாறாது. எல்லாம் தோதா அமைஞ்சா ஈ.கோலைங்கிற பாக்டீரியா 20 நிமிஷத்துக்கு ஒருதரம் ரெட்டிப்பாகும், ஒன்னே ஒன்னு 7 மணி நேரத்துல 20 லட்சத்தை தாண்டிடும், உங்க மூக்குக்கு ஒன்னும் தெரியாது.

சரி, நல்லா கொதிக்க வச்சுட்டா எல்லாம் செத்துடும்லனு கேப்பாங்க. பாக்டீரியா சாகும், ஆனா அது ஏற்கனவே விட்டுட்டுப்போன விஷம்? ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ்ங்கிற பாக்டீரியா விடுற விஷம் கொதிச்சாலும் அழியாது. பேசில்லஸ் சீரியஸ்னு இன்னொன்னு, அதோட ஸ்போர் (சூட்டைத் தாங்குற, விதை மாதிரி உறங்குற வடிவம்) சோறு வேகும்போதே தப்பிச்சுடும், அப்புறம் சோறு வெளியிலயே கிடந்தா முளைச்சு பெருகி வாந்தி எடுக்க வைக்கிற விஷத்தை விடும், அதையும் மறுபடி சூடு பண்ணி ஒழிக்க முடியாது. அதனால சூடு பண்றதை விட முக்கியம் எவ்வளவு நேரம் வெளியில கிடந்துச்சுங்கிறதுதான், 2 மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜுக்கு போயிடணும். ஆறட்டும்னு ராத்திரி முழுக்க அடுப்பு மேல விடாதீங்க, அகலமான பாத்திரத்துல பரப்பி வச்சா சீக்கிரம் ஆறிடும். ஃப்ரிட்ஜும் ஒன்னையும் கொல்லாது, 4 டிகிரில வேகத்தை குறைக்கும் அவ்வளவுதான், லிஸ்டீரியாங்கிற பாக்டீரியா அந்தக் குளிர்லயும் மெதுவா வளரும்.

பச்சைக் கோழிக்கறியை குழாயடியில கழுவுறதும் வேண்டாத வேலை. தெறிக்கிற தண்ணியோட கேம்பைலோபாக்டர்ங்கிற பாக்டீரியா சிங்க், பக்கத்துல இருக்கிற பாத்திரம்னு எல்லா எடத்துக்கும் போகும். நல்லா வேக வச்சாலே போதும்.

அடுத்தது ஆன்டிபயாடிக். சளி, ஃப்ளூ எல்லாம் வைரஸ், அதுக்கு இந்த மாத்திரை வேலையே செய்யாது, ஆனா வயித்துல இருக்கிற நல்ல பாக்டீரியாவை மட்டும் போட்டுத்தள்ளும், அதான் மாத்திரை போட்டா சிலருக்கு பேதி ஆகுது. போன தடவை மிச்சம் வச்சதை எடுத்து போடுறது, டாக்டர் சொன்ன நாளுக்கு முன்னாடியே நாமளா நிறுத்துறது, ரெண்டும் வேண்டாம். "என் உடம்பு மருந்துக்கு பழகிடுச்சு"னு சொல்றாங்களே, பழகுறது உடம்பு இல்ல, பாக்டீரியா. மருந்துல தப்பிச்சது பெருகும், அந்த தப்பிக்கிற வித்தைக்கான ஜீனை பிளாஸ்மிட்ங்கிற குட்டி டிஎன்ஏ வளையமா பக்கத்துல இருக்கிற வேற இன பாக்டீரியாவுக்கும் கைமாத்தி விடும். பென்சிலினை கண்டுபிடிச்ச ஃப்ளெமிங் 1945லயே, மருந்தை கொறைச்சு போட்டா கிருமி தாங்கப் பழகிடும்னு நோபல் உரையில எச்சரிச்சுட்டார்.

கடைசியா சானிடைசர். 60 சதவீதம் ஆல்கஹாலாவது இருக்கணும், அழுக்கும் எண்ணெயுமா இருக்கிற கையில தேய்ச்சு பிரயோஜனம் இல்ல, அங்க சோப்பும் தண்ணியும் 20 செகண்டும்தான். அதுக்காக ஆன்டிபாக்டீரியல்னு போட்ட சோப்பை தேடி வாங்காதீங்க, அமெரிக்காவோட உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2016ல ட்ரைக்ளோசான் உட்பட 19 பொருளை சோப்புல போட தடை போட்டுச்சு, சாதா சோப்பை விட அது மேல்னு கம்பெனிங்களால காட்ட முடியலங்கிறதுதான் காரணம்.