எதிர்பாராமல் பிறந்த நாய்க்குட்டிகளைப் பேணுதல்

வீட்டு நாய் எதிர்பாராமல் குட்டிகளை ஈன்றுவிட்டால், முதலில் கவனிக்க வேண்டியது வெப்பத்தையே. ஏனெனில் முதல் 2 வாரங்களுக்குக் குட்டிகளால் தம் உடல் வெப்பத்தைத் தாமே காத்துக்கொள்ள இயலாது, உடல் குளிர்ந்துபோன குட்டிக்குப் பாலும் செரிக்காது. ஆகவே காற்று வீசாத மூலையில் துணி விரித்த பெட்டியை வைத்து, முதல் வாரம் அதனுள் ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸ் வெப்பம் நிலவச் செய்யுங்கள். சூடு மிகுந்தால் விலகிச் செல்லவும் இடம் இருக்கட்டும்.

நாள்தோறும் ஒவ்வொரு குட்டியையும் எடைபோட்டுக் குறித்துவையுங்கள். எடை கூடாத குட்டியையோ ஓயாமல் அழும் குட்டியையோ அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இவ்வளவு சிறிய உயிருக்கு ஒரு நாள் தாமதமே அதிகம். தாய்ப்பால் போதவில்லையெனில் பசும்பால் வேண்டாம். நாய்க்குட்டிகளுக்கென விற்கப்படும் பால்மாவைக் கரைத்து, குட்டியைக் குப்புற வைத்தே ஊட்டுங்கள்.

கேட்பவர் எவ்வளவு அன்பானவராயினும், 8 வாரம் நிறையும் முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துக் கொடுக்காதீர்கள்.